கலர் இ-இங்க் ரீடர் வாங்கி மூணு வாரம் ஆச்சு, தமிழ் படிக்க இத வச்சுக்கலாமா திருப்பிக் குடுத்திரலாமா?

வைகைக்கரை:

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா போகும், மூணு வாரமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, இங்க இருக்கவங்ககிட்ட கேட்டா தான் தெளியும்.

ஊர்ல இருந்து வந்த மச்சான்கிட்ட சொல்லி ஒரு 7 இன்ச் கலர் இ-இங்க் ரீடர் (மின்புத்தகம் படிக்கற கருவி) வரவழைச்சேன். கம்பெனி பேரு இங்க முக்கியமில்ல, நான் பேசப்போறது முழுக்க ஸ்கிரீன பத்தி, உள்ள இருக்கறது கலைடோ 3னு சொல்ற கலர் இ-இங்க் ஸ்கிரீன். இதுக்கு முன்னாடி ஆறு வருஷமா ஒரு 6 இன்ச் கறுப்பு வெள்ளை ரீடர் கையில இருக்கு, அதுவும் 300 பிபிஐ (ஒரு இன்ச்சுல எத்தன புள்ளிங்கற கணக்கு) தான், பேட்டரி கொஞ்சம் இறங்குதே தவிர இன்னிக்கும் ஒரு குறையில்ல. அதனால நான் எழுதற எல்லாமே இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து எழுதறது.

மொத நாள் சந்தோஷத்த சொல்லியே ஆகணும். என் மகளுக்கு ஆறு வயசு. ஸ்டோரிவீவர்ல இருந்து தமிழ் படக்கதை ஒரு பதினஞ்சு இறக்கி வச்சிருந்தேன் (பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச தளம், காசில்லாம எடுத்துக்கலாம், குழந்தை இருக்க வீட்ல எல்லாரும் பாக்கணும்). சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொட்டைமாடிக்கு கூட்டிட்டுப் போய் கையில குடுத்தேன். அந்த வெயில்ல போன எடுத்தா நம்ம மூஞ்சி தான் தெரியும், இதுல வெயில் பட பட படம் தெளியுது. கலரு போன் மாதிரி பளிச்சுனு இல்ல, பழைய வாரப்பத்திரிகை நடுப்பக்கத்து அச்சு மாதிரி கொஞ்சம் வெளுத்த கலரு, ஆனா அது கண்ணுக்கு அவ்வளவு இதமா இருக்கு. அவ விரலால தடவிப் பாத்துட்டு "இது பேப்பராப்பா?"ன்னு கேட்டா. அந்த ஒரு கேள்விக்கே குடுத்த காசு தகும்னு தோணுச்சு.

பிரச்சனை ராத்திரி நான் படிக்க உக்காந்தப்ப தான். அதே கதை, அதே நோட்டோ செரிஃப் தமிழ் ஃபான்ட், எழுத்து உயரத்த ஸ்கேல் வச்சு அளந்து ரெண்டுலயும் சமமாக்கி, டியூப்லைட் வெளிச்சத்துல ரெண்டையும் மேஜைல வச்சேன். பழசுல தாள் வெள்ளையா இருக்கு. புதுசுல மளிகைக்கடை பொட்டலத்தாள் மாதிரி ஒரு சாம்பல், அது மேல மெல்லிசா மணல் தூவின மாதிரி. இங்கிலீஷ் புக்க திறந்தா பெருசா ஒண்ணும் தெரியல, தமிழ்ல தான் தெரியுது. மெய்யெழுத்து மேல இருக்க புள்ளி அந்த மணலோட மணலா கலந்துருது, 'கி'க்கும் 'கீ'க்கும் நடுவுல இருக்க ஒரே வித்தியாசம் அந்த சின்ன சுழி, அது மங்கிப் போய் சில இடத்துல வாக்கியத்த திரும்பப் படிக்க வேண்டியிருக்கு. சரின்னு எழுத்த தடிக்க வைக்கற போல்டு ஸ்லைடர ரெண்டு மூணு படி ஏத்தினேன், புள்ளி வந்துருச்சு, ஆனா இப்ப மூணு சுழி 'ண' உள்ள அடைச்சுக்கிட்டு ரெண்டு சுழி 'ன' மாதிரி நிக்குது.

இதுக்கு எதாவது வழி இருக்கா, இல்ல இந்த ஸ்கிரீனே இப்படித்தானா? அப்புறம் நான் பழைய தமிழ் புத்தகம் ஸ்கேன் பண்ண பிடிஎஃப் நிறைய படிப்பேன், அதுக்கு 7 இன்ச் எப்பவும் கஷ்டமாவே இருக்கு, அதுக்கும் யாராவது வழி சொல்லுங்க. மச்சான் இன்னும் பன்னெண்டு நாள்ல திரும்பப் போறாரு, குடுத்து அனுப்பறதா இருந்தா அதுக்குள்ள முடிவு பண்ணணும்.

---

கோவை_மின்மினி:

அண்ணா, உங்க கண்ணு மேலயும் தப்பில்லைங்க, வாங்கின பீஸ் மேலயும் தப்பில்லைங்க, அந்த ஸ்கிரீன் செஞ்சிருக்க விதமே அப்படி.

சாதா இ-இங்க் ஸ்கிரீன்ல தலைமுடி தடிமன் அளவுக்கு சின்ன சின்ன குமிழி லட்சக்கணக்குல இருக்கும், ஒவ்வொரு குமிழிக்குள்ளயும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கும், ஒண்ணுக்கு பாசிட்டிவ் மின்னூட்டம் இன்னொண்ணுக்கு நெகட்டிவ். கீழ இருந்து மின்சாரம் குடுத்தா எது மேல வருதோ அது நமக்கு தெரியும். மின்சாரத்த நிறுத்தினாலும் துகள் அங்கயே நிக்கும், அதனால தான் பக்கம் திருப்பும்போது மட்டும் ஸ்கிரீனுக்கு பேட்டரி செலவு, வாரக்கணக்குல ஓடுது. நீங்க பாக்கறது நிஜமாவே ஒரு பொருளோட மேல வெளிச்சம் பட்டு திரும்பி வர்றது, அதனால தான் வெயில்ல தெளியுது, பாப்பா கேட்ட கேள்வி சரியான கேள்விங்க.

கலைடோ 3ல கலர் எங்கிருந்து வருதுன்னா, இதே கறுப்பு வெள்ளை ஸ்கிரீன் மேல சிவப்பு பச்சை நீலம்னு ஒரு கலர் ஃபில்டர ஒட்டியிருக்காங்க. அது எடுத்துக் கழட்டற பொருள் இல்ல, எழுத்து படிக்கும்போதும் அங்கயே தான் இருக்கு. வெளிச்சம் உள்ள போகும்போது ஒரு தடவ ஃபில்டர தாண்டணும், திரும்பி வரும்போது இன்னொரு தடவ தாண்டணும், ரெண்டு தடவயும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுது. உங்க பொட்டலத்தாள் சாம்பல் அது தான். மணல்னு சொன்னீங்கல்ல, அது அந்த ஃபில்டரோட கட்டம். பெட்டி மேல 300 பிபிஐன்னு போட்டிருக்கறது கறுப்பு வெள்ளைக்கு மட்டும், கலருக்கு 150 தான்.

அதனால ஃபிரண்ட் லைட்ட (ஸ்கிரீன் மேல வெளிச்சம் அடிக்கற ரீடரோட சொந்த விளக்கு) எப்பவும் போட்டே வைங்க, பகல்லயும். கறுப்பு வெள்ளை ரீடர் வச்சிருந்த பழக்கத்துல நாம பகல்ல லைட்ட அணைச்சிடுவோம், இதுக்கு அது ஒத்துவராதுங்க. லைட்டு பேட்டரிய தின்னும், வேற வழியில்ல. பேட்டரி கணக்குன்னதும் ஒண்ணு சொல்றேன், 2024ல வந்த அமேசானோட கிண்டில் பேப்பர்வைட் ரீடருக்கு 12 வாரம்னு போட்டிருப்பாங்க, அது தினமும் அரை மணி நேரம், வயர்லெஸ் அணைச்சு, லைட்டு பாதி அளவுல வச்சு படிச்சா வர்ற கணக்கு. தினமும் மூணு மணி நேரம் படிக்கறவங்க அத ஆறால வகுத்துக்கணும்.

எனக்கு இந்த ஸ்கிரீன் மேல கோபமெல்லாம் இல்லைங்க. 2007ல மொத கிண்டில் வந்தப்ப 167 பிபிஐ, நாலே நாலு சாம்பல் நிறம், விலை 399 டாலர். அங்கிருந்து இங்க வந்திருக்கோம். ஆனா நாவல் மட்டும் படிக்கறவங்க கலர் வாங்க வேண்டாம்னு நான் கேக்கற எல்லாருக்கும் சொல்லிட்டு தான் இருக்கேன்.

---

டேப்லட்_தாஸ்:

ப்ரோ எதுக்கு இவ்வளவு அவஸ்தை, ஒரு நல்ல டேப்லட் வாங்கினா கலரும் ஆச்சு பிடிஎஃப்பும் ஆச்சு, குழந்தைக்கு வீடியோவும் ஆச்சு. நைட் மோட் போட்டா கண்ணும் வலிக்காது. என் வீட்ல எல்லாரும் அதுல தான் படிக்கறோம்.

---

யாழ்தேவி_ரொறொன்ரோ:

தாஸ் தம்பி, உங்களுக்கு அது சரிவருதெண்டா நல்லது, ஆனா எனக்கு சரிவரேல்ல. டேப்லட்டில நாலு பக்கம் வாசிக்க முன்னம் ஏதாவது ஒரு மெசேஜ் வந்து விழும், பிறகு நான் எங்க நிக்கிறன் எண்டே தெரியாது. பிள்ளைக்கு வீடியோவும் ஆச்சு எண்டு சொல்லுறீங்கள், அந்தப் பிள்ளை பிறகு படக்கதைக்கு திரும்பி வருமோ? வைகைக்கரை தம்பியின்ர மகள் மொட்டைமாடியில விரலால தடவிப் பாத்தது வீடியோ இல்லாத படியாத்தான்.

வைகைக்கரை, நான் கனகாலமா கோபோ ரீடர் பாவிக்கிறன், கறுப்பு வெள்ளை, அந்தக் கம்பெனியே இஞ்ச ரொறொன்ரோவில இருந்து வந்தது தான். போன வருசம் கலரும் ஒண்டு வீட்டுக்கு வந்தது. தமிழ் வாசிக்கிறதுக்கு நான் அதில கோரீடர் எண்ட இலவச மென்பொருள போட்டு வச்சிருக்கிறன், எழுத்துகள பிழையில்லாமல் கோர்க்குது, 'கொ' 'கோ' எல்லாம் கொம்பு தன்ர இடத்தில நிக்குது. பழைய ஆக்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில ரீடரில தமிழ் எண்டா வெறும் பெட்டி பெட்டியா வரும், இல்லாட்டி கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு கிடக்கும். அந்த நாளில படமா மாத்தி வாசிச்சம். அதால எனக்கு இண்டைக்கும் ஒரு பக்கம் ஒழுங்கா விரியிறதப் பாக்க மனசு நிறையும்.

எங்கட அம்மாக்கு 78 வயசு. எழுத்த நல்லாப் பெரிசாக்கிக் குடுத்தன், ஒரு வரியில மூண்டு சொல்லுத்தான் நிக்கும். தமிழ்ச் சொல் நீளம் தானே, ரெண்டு பக்கமும் சமனா நிறுத்தினா சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில பெரிய பெரிய ஓட்டை விழுது, அம்மா அந்த ஓட்டையில தடக்கித் தடக்கி வாசிச்சா. இடப்பக்கம் மட்டும் சமன் எண்டு மாத்தி விட்டன், அண்டையில இருந்து ஒரே இருப்பில ஒரு அத்தியாயம் முடிக்கிறா. கலரில அவ வாசிக்கமாட்டா, "இருட்டாக் கிடக்கு பிள்ளை" எண்டு ஒரே சொல்லில முடிச்சிட்டா.

ஸ்கேன் பிடிஎஃப் எண்டா எனக்கும் அதே கஷ்டம் தான். நூலகம் தளத்தில இருந்து எங்கட ஊர் பழைய சஞ்சிகைகள் எடுத்து வாசிக்கிறனான், 2005ல தொடங்கினது, ஈழத்து எழுத்தெண்டா முதல் அங்க தான் தேடுறது. அதுக்கு 7 இஞ்சி காணாது.

---

பக்கவடிவம்:

நான் இருபது வருஷமா புத்தகத்துக்கு லேஅவுட் பண்ற ஆளு, அதனால எனக்குத் தெரிஞ்ச ரெண்டு விஷயம் சொல்றேன்.

மொதல்ல ஃபான்ட். போல்டு ஸ்லைடர தொடாதீங்க. அந்த ஸ்லைடர் என்ன பண்ணுதுன்னா இருக்கற எழுத்தோட கோட்ட எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதிப் பெருசாக்குது, வெளியவும் ஊதும் உள்ளயும் ஊதும். இங்கிலீஷ் எழுத்துல உள்வெளி பெருசு, தாங்கும். நம்ம 'ண' 'ஊ' 'ஐ'ல சுழிக்கு உள்ள இருக்க இடமே கொஞ்சூண்டு, அது அடைச்சுக்கும். எழுத்து வடிவமைக்கறவங்க கனமான வெயிட்ட (கோட்டோட தடிமன் அளவ) தனியா வரைவாங்க, கோடு தடிக்கும்போது சுழிக்கு உள்ள இடம் விட்டு வரைவாங்க. அதனால நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லன்னா முக்த மலர் இறக்குங்க, ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் மீடியம்னு ஒரு வெயிட் இருக்கும். ரெகுலர விட்டுட்டு அந்த மீடியம் ஃபைல மட்டும் ரீடரோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போடுங்க. ஸ்லைடர் பூஜ்யத்துல இருக்கட்டும்.

செரிஃப் ஃபான்ட்ல ஒரே எழுத்துக்குள்ள தடிச்ச கோடும் மெல்லிசு கோடும் மாறி மாறி வரும், அச்சுல அது தான் அழகு. இந்த ஃபில்டர் ஸ்கிரீன்ல மெல்லிசு கோடு தான் மொதல்ல காணாமப் போகும். நீங்க பாத்த சுழி அதனால தான் மங்குது. ஒரே தடிமன்ல போற ஃபான்ட் இதுக்கு நல்லது.

ரெண்டாவது பிடிஎஃப். இது அளவு கணக்கு, ஸ்கேல் எடுத்தா முடிஞ்சது. நம்ம புத்தகம் பெரும்பாலும் டெம்மி 1/8, அதாவது 21.5க்கு 14 சென்டிமீட்டர். பழைய மலிவுப்பதிப்பு கிரவுன் 1/8, சுமாரா 18க்கு 12. உங்க 7 இன்ச் ஸ்கிரீன் 14க்கு பத்தரை. டெம்மி பக்கத்த அப்படியே அதுல அடக்கினா மூணுல ரெண்டு பங்கா சுருங்குது, 11 பாயின்ட்ல அடிச்ச எழுத்து ஏழு பாயின்ட்டா வந்து நிக்கும். ஏழு பாயின்ட்ல நான் அடிக்குறிப்பு கூட வைக்கமாட்டேன். 10.3 இன்ச் ஸ்கிரீன் கிட்டத்தட்ட 21க்கு 15.7, டெம்மி பக்கம் அதுல கிட்டத்தட்ட முழுசா உக்காரும், பெருசா சுருக்க வேண்டியதில்ல. ஸ்கேன் புத்தகம் தான் உங்க முக்கிய தீனின்னா என்னிக்காவது 10 இன்ச் தான் வாங்கணும், அதுவும் கறுப்பு வெள்ளைல.

அதுவரைக்கும் கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, ஓரத்து வெள்ளைய வெட்டி எடுத்துட்டு பக்கத்த ரெண்டா பிரிச்சு உங்க ஸ்கிரீன் அகலத்துக்கு கொண்டு வரும். பழைய புத்தகத்துல ஓரம் தாராளமா விட்டிருப்பாங்க, அத வெட்டினாலே கிரவுன் சைஸ் புத்தகம் படிக்கற அளவுக்கு வந்துரும். வரிய உடைச்சு மறுபடி அடுக்கற வசதியும் அதுல உண்டு, தமிழ் ஸ்கேனுக்கு அத நான் சிபாரிசு பண்ணமாட்டேன், மேல இருக்க புள்ளியயும் கொம்பயும் சில சமயம் தனி வரின்னு நினைச்சு வெட்டிருது.

ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துல போய்ப் பாருங்க, அங்க ஈபப் (ஸ்கிரீன் அளவுக்கு வரி தானா மடங்கற மின்புத்தக ஃபைல்) கூடவே 6 இன்ச் பிடிஎஃப்னும் தனியா வைப்பாங்க, அது இந்த மாதிரி சின்ன ஸ்கிரீனுக்குன்னே கட்டினது. மதுரைத் திட்டத்து நூலெல்லாம் 1998ல இருந்து தன்னார்வலர்கள் உக்காந்து எழுத்தாக்கி வச்சது, வெறும் ஸ்கேன் படம் இல்ல, எழுத்தாவே இருக்கும், எந்த ஸ்கிரீன்லயும் விரியும்.

---

ராத்திரிவாசகன்:

நடுவுல ஒரு சந்தேகம், மன்னிக்கணும். நான் கிண்டில் வச்சிருக்கேன், இனிமே அதுல நம்ம சொந்த ஃபைல போட முடியாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. அப்ப இந்த இலவச தமிழ் புத்தகம் எல்லாம்?

---

கோவை_மின்மினி:

அப்படி இல்லைங்க, நிறைய பேரு இத மாத்திப் புரிஞ்சிட்டு இருக்காங்க. 2025 பிப்ரவரி 26ல நிறுத்தினது என்னன்னா, அமேசான்ல காசு குடுத்து வாங்கின புத்தகத்த அவங்க வெப்சைட்ல இருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கி கேபிள் வழியா ஏத்தற வசதி. உங்க கையில இருக்க சொந்த ஃபைல கேபிள்ல போடறதோ, சென்ட் டு கிண்டில்ல (நம்ம ஃபைல இணையம் வழியா கிண்டிலுக்கு அனுப்பற அமேசான் வசதி) ஈபப்பா அனுப்பறதோ நிக்கல. மோபிங்கற பழைய மின்புத்தக ஃபார்மட் தான் சென்ட் டு கிண்டில் இப்ப ஏத்துக்கறதில்ல, ஈபப்பா அனுப்புங்க.

ஆனா அந்த வசதி போனதுல எனக்கு மனசு வலிச்சதுங்க. 2016 டிசம்பர்ல கிண்டில் கடைல தமிழ் வந்தப்ப மொத நாளே வாங்கின ஆளு நானு. காசு குடுத்த புத்தகத்த என் ஹார்ட்டிஸ்க்ல ஒரு காப்பி வச்சுக்கறதுக்கு இருந்த ஒரு வழி அது. புத்தகம்னா நம்ம அலமாரில இருக்கணும்.

---

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதில படிச்சுட்டு நாலு நாளா எல்லாத்தயும் செஞ்சு பாத்தேன்.

பக்கவடிவம் அண்ணே, முக்த மலர் மீடியம் போட்டேன், ஸ்லைடர் பூஜ்யம். 'கண்ணன்'னு ஒரு சொல்ல எடுத்து வச்சு பாத்தேன், மூணு சுழியும் ரெண்டு சுழியும் தனித்தனியா நிக்குது, ரெண்டு புள்ளியும் தெரியுது. இத்தன வருஷம் ஃபான்ட்டுன்னா அழகு விஷயம்னு நினைச்சுட்டு இருந்தேன். மின்மினி தம்பி சொன்ன மாதிரி பகல்லயும் லைட்டு போட்டு வச்சா அந்த சாம்பல் முக்கால்வாசி போயிருது. மணல் மட்டும் இருக்கு, அது போகாதுன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

யாழ்தேவி அக்கா, இடப்பக்கம் மட்டும் சமன்னு நீங்க சொன்னத எங்கம்மாவுக்கு செஞ்சு குடுத்தேன், பழைய 6 இன்ச்ல. ரெண்டு நாளா அது என் கைக்கு வரல.

முடிவு என்னன்னா, கலர திருப்பி அனுப்பல. அது மகளுக்கு. படக்கதை பதினஞ்சும் முடிச்சு அடுத்தது கேக்குறா, சாயங்காலம் மாடிக்கு போறது வழக்கமாவே ஆயிருச்சு. என் நாவல் எல்லாம் பழைய ரீடர்ல அம்மா படிச்சு முடிச்ச நேரத்துல. காசு சேத்து 10 இன்ச் கறுப்பு வெள்ளை வாங்கணும், டெம்மி பக்கம் கிட்டத்தட்ட அப்படியே உக்காரும்னு அண்ணே சொன்னதுல இருந்து அதே நினைப்பா இருக்கு, நேத்து ஒரு டெம்மி புத்தகத்த எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தே பாத்துட்டேன்.

கடைசியா ஒண்ணு. எங்கப்பா ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவரு சின்ன வயசு ஊர்க்கதை எல்லாம் வானவில் ஃபான்ட்ல டைப் பண்ணி வச்சிருக்காரு, ஒரு நூத்தம்பது பக்கம் வரும். ரீடர்ல போட்டா இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னானு வருது. அத அம்மா படிக்கற மாதிரி பண்ண முடியுமா?

---

யாழ்தேவி_ரொறொன்ரோ:

கட்டாயம் முடியும் தம்பி. எங்களுக்கு இஞ்ச பாமினி எண்ட பழைய ஃபான்டில இதே கதை தான், என்ர சித்தப்பாவின்ர கடிதமெல்லாம் அப்பிடித்தான் கிடந்தது. அது உண்மையில இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்த போத்து விட்டது, ஃபான்ட் இல்லாத இடத்தில போர்வை விலகி உள்ளுக்க இருக்கிறது தெரியுது. யூனிகோடுக்கு (இப்ப எல்லாக் கருவியிலயும் தமிழ் தமிழாவே தெரியிற எழுத்து முறை) மாத்துற கருவி இணையத்தில சும்மா கிடைக்குது, வானவில்லுக்கும் இருக்கு. முதல் மாத்துங்கோ, பிறகு கேலிபர் எண்ட இலவச மென்பொருளில போட்டு ஈபப் ஆக்குங்கோ, மொழி தமிழ் எண்டு குடுக்க மறக்காதேங்கோ.

---

பக்கவடிவம்:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ஃபைல மொத்தமா ஒரே தடவ மாத்தாதீங்க, மொதல்ல ஒரு பத்து பக்கம் மாத்தி வரிக்கு வரி மூலத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பும் காலும் சேந்து வர்ற 'கொ' 'கோ' 'கௌ', அப்புறம் மேற்கோள் குறி, நடுவுல அப்பா இங்கிலீஷ்ல எதாவது அடிச்சிருந்தா அந்த இடம், இங்கெல்லாம் தான் பிசகும். பழைய ஃபைல அழிச்சுடாதீங்க. ஈபப் ஆனதும் எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க, அத்தியாயம் பிரிச்சு தலைப்பு போட்டுத் தர்றேன், காசெல்லாம் வேணாம்.